ஓபெராவை எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது? நாலு நிமிஷம், நாலு குரல்

சின்ன வயசுலேர்ந்து கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவன், மார்கழி வந்தா சபா சபாவா ஏறி இறங்குறவன், ஆனா ஓபெரா, அதான் பாட்டாவே நடக்குற மேல்நாட்டு நாடகம், அதைப் போட்டா பத்து நிமிஷம் தாங்கல, எல்லாரும் கத்துற மாதிரியே இருக்கு, ஒரு வார்த்தை விளங்கல, ஆனா அதுல ஊறிப்போனவங்க ஒரே இடத்தோட இருபது ரெக்கார்டிங்க வெச்சுகிட்டு விடிய விடிய பேசுறாங்களே, அப்படி அதுல என்ன இருக்கு, எதுல ஆரம்பிக்கணும், உங்களுக்கு ரொம்ப பிடிச்சது எது. இதானே நீங்க கேட்டது.

எதுல ஆரம்பிக்கணுங்கறதுக்கு பதிலை முதல்லயே சொல்லிடுறேன். இத்தாலி இசையமைப்பாளர் வெர்டியோட ரிகொலெட்டோ, மூணாவது அங்கம், நாலு பேர் சேர்ந்து பாடுற இடம். நாலு, நாலரை நிமிஷம்தான். அதுக்கு முன்னாடி வேற எதையும் கேக்காதீங்க. முக்கியமா "ஓபெராவின் சிறந்த பாடல்கள்"னு ஒரு தொகுப்பு எல்லா இடத்துலயும் கிடைக்கும், அதைத் தொடவே தொடாதீங்க. பத்து சினிமாவோட கிளைமாக்ஸ மட்டும் வெட்டி ஒட்டி ஒருத்தருக்குப் போட்டுக் காட்டினா என்ன ஆகும், யார் அழுறா, எதுக்கு அழுறான்னே தெரியாம பத்து பேர் வரிசையா வந்து அழுதுட்டுப் போவாங்க, அவ்ளோதான். உங்களுக்கு கத்துற மாதிரி இருந்ததுக்கு பாதி காரணம் அதுவாதான் இருக்கும்னு நினைக்கிறேன்.

எனக்கும் அதான் நடந்துச்சு. திருச்சியில வேலைக்கு சேர்ந்த புதுசுல மாடியில ஒரு சார் இருந்தார், ரிட்டயர் ஆனவர், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா அவர் வீட்டுலேர்ந்து இந்த சத்தம்தான் வரும். ஒரு நாள் படியில பாத்தப்போ, சார் இதை எப்படி சார் கேக்குறீங்கன்னு கேட்டுட்டேன். அவர் கோச்சுக்கல, உள்ள கூட்டிட்டுப் போய் உக்கார வெச்சு கையில ஒரு தாளைக் குடுத்தார். இந்தப் பக்கம் இத்தாலியன், அந்தப் பக்கம் அவரே பென்சில்ல எழுதின தமிழ் அர்த்தம். "தம்பி, இதை பாட்டா கேக்காதீங்க. பக்கத்து வீட்டுல சண்டை நடக்குது, நீங்க வாசல்ல நின்னு கேக்குறீங்க, அப்படிக் கேளுங்க"ன்னார். இருபது வருஷம் ஆச்சு, நான் கத்துகிட்டது மொத்தமும் அந்த ஒரு வரிக்குள்ள அடங்கிடும். இது பேச்சு. ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட கெஞ்சுறது, மிரட்டுறது, பொய் சொல்றது, மன்னிப்பு கேக்குறது. அந்தப் பேச்சுக்குள்ள போயிட்டீங்கன்னா குரல் தானா உங்க வழிக்கு வந்துடும்.

சரி, ரிகொலெட்டோவுக்கு வரேன். 1851 மார்ச் 11, வெனிஸ்ல லா ஃபெனிச்சே தியேட்டர்ல முதல் தடவை மேடை ஏறிச்சு. கதை விக்டர் ஹ்யூகோவோட நாடகம், பாரிஸ்ல 1832ல ஒரே ஒரு நாள்தான் நடந்துச்சு, மறுநாளே அரசாங்கம் தடை பண்ணிடுச்சு, ஏன்னா அதுல ஒரு ராஜாவைப் பொம்பளைப் பித்தனா காட்டியிருந்தாரு. வெனிஸ் அப்போ ஆஸ்திரியாக்காரங்க கையில இருந்துச்சு, அவங்க சென்சாரும் விடல, கடைசில ராஜாவை மாந்துவா ஊர் ட்யூக்கா மாத்தி, ஊரு பேரெல்லாம் மாத்தி ஒரு வழியா கொண்டுவந்தாங்க. ரிகொலெட்டோ அந்த ட்யூக் அரண்மனையில விதூஷகன், கூன் விழுந்தவன், அவனுக்கு ஒரே மக கில்டா, அவளை ஊர் கண்ணுல படாம பொத்திப் பொத்தி வளக்குறான். ட்யூக் மாணவன் மாதிரி வேஷம் போட்டு அவ மனசைக் கெடுத்துடுறான். அப்பனுக்குத் தெரிஞ்சுபோய் கூலிக்குக் கொலை பண்றவன் ஒருத்தனைப் பிடிச்சு ட்யூக்கைத் தீர்த்துக்கட்ட ஏற்பாடு பண்றான். ஆனா பொண்ணுக்கு இன்னும் அவன் மேல ஆசை போகல.

இப்போ அந்த இடம். ஆத்தங்கரை ஓரமா ஒரு பழைய சத்திரம், சுவத்துல விரிசல். மேடையை ரெண்டாப் பிரிச்சு வெச்சிருப்பாங்க, உள்ள ட்யூக்கும் கொலைகாரனோட தங்கச்சி மத்தலேனாவும், வெளிய இருட்டுல ரிகொலெட்டோவும் கில்டாவும் அந்த விரிசல் வழியா பாத்துகிட்டு. ட்யூக் ஆரம்பிக்கிறான், நீளமா, வழுவழுன்னு ஒரு மெட்டு, "நீ ஒரு வார்த்தை சொன்னா போதும், என் வேதனை தீந்துடும்"னு. அது உண்மையிலேயே அழகான மெட்டு, அதான் விஷயமே, பொய்யை அவ்ளோ அழகா சொல்றான். மத்தலேனா குட்டிக் குட்டியா வெட்டி வெட்டி சிரிக்கிற மாதிரி பாடுவா, "இந்த மாதிரி பேச்சு எவ்ளோ மலிவுன்னு எனக்குத் தெரியாதா"ன்னு. வெளிய கில்டா, மூச்சு விட்டு விட்டு, விம்முற மாதிரி, மேலேர்ந்து கீழ இறங்குற துண்டுகளா, "ஏமாந்த மனசே, வெடிச்சுடாத"ன்னு. அடியில அப்பன் குரல், கிட்டத்தட்ட ஒரே இடத்துல நின்னு முணுமுணுக்குற மாதிரி, "அழாத, அழுது பிரயோஜனம் இல்ல, நான் பாத்துக்கறேன்".

நாலு பேரும் ஒரே நேரத்துல பாடுறாங்க. நாடகத்துல நாலு பேர் ஒரே நேரத்துல பேசினா சந்தைக்கடை. இங்க நாலு பேர் மனசுல ஓடுறதும் தனித்தனியா கேக்குது, சேந்தும் கேக்குது, ரெண்டு பேருக்கு அது விளையாட்டு, ரெண்டு பேருக்கு உயிர் போற விஷயம், எல்லாம் ஒரே தாளத்துல. ஹ்யூகோவே இதைக் கேட்டுட்டு, என் நாடகத்துல நாலு பேரை ஒரே சமயத்துல இப்படிப் பேச வைக்க முடிஞ்சிருந்தா எப்படி இருந்திருக்கும்னு ஏங்கினதா ஒரு கதை சொல்வாங்க. என்னைக் கேட்டா ஓபெரான்னு ஒண்ணு எதுக்கு இருக்குங்கறதுக்கு இந்த நாலு நிமிஷம் போதும்.

கேக்குற முறை சொல்றேன். முதல் தடவை ட்யூக்கை மட்டும் பிடிச்சுகிட்டுப் போங்க. ரெண்டாவது தடவை கில்டா. மூணாவது தடவை ரிகொலெட்டோ, அவனைப் பிடிக்கிறது கஷ்டம், அடியில கிடப்பான், ஆனா ஒரு தடவை பிடிச்சுட்டீங்கன்னா அப்புறம் அவனைத்தான் கேப்பீங்க. நாலாவது தடவை யாரையும் பிடிக்காம சும்மா உக்காந்திருங்க.

இதுல இன்னொண்ணு. அடுத்த வருஷம் ஒரு பாடகியோட புருஷன் வெர்டிக்கு லெட்டர் எழுதுறாரு, என் மனைவி பாடுறதுக்கு இதுல இன்னொரு தனிப்பாட்டு சேத்துக் குடுங்கன்னு. அதுக்கு வெர்டி எழுதின பதில்ல, நான் இந்த ஓபெராவை தனிப்பாட்டே இல்லாம, ரெண்டு ரெண்டு பேர் பேசிக்கிற ஒரு நீளமான சங்கிலியாத்தான் மனசுல கண்டேன்னு சொல்றாரு. மாடி சார் சொன்னதும் அதானே. எழுதினவரே பேச்சாத்தான் நினைச்சிருக்காரு.

அந்த கத்துற விஷயத்தைக் கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா உங்க காது சொல்றது தப்பு இல்ல. அங்க மைக் கிடையாது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபெராவுல கிட்டத்தட்ட 3,800 சீட், கீழ குழியில அறுபது எழுபது பேர் வாசிக்கிறாங்க, அதைத் தாண்டி கடைசி வரிசை வரைக்கும் ஒத்தைக் குரல் போகணும். வெறும் பலத்தால இது நடக்காது, தொண்டை கிழிஞ்சிடும். பெரிய ஆர்கெஸ்ட்ராவோட சத்தத்துல பலம் மொத்தம் 500 ஹெர்ட்ஸ் பக்கத்துல குவிஞ்சு கிடக்கும், அதுக்கு மேல போகப் போக குறைஞ்சுடும். பயிற்சி எடுத்த பாடகர், முக்கியமா ஆண் குரல்கள், தொண்டையோட வடிவத்தை மாத்தி 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்துல தன் சத்தத்தைக் கூட்டிக்கிறாங்க, ஆர்கெஸ்ட்ரா மெலிஞ்சு கிடக்குற இடம் அது, நம்ம காது ரொம்ப கூர்மையா இருக்குற இடமும் அதான். அந்த உலோகம் மாதிரி ஒரு பளபளப்பு கேக்குதே, உங்களுக்கு முதல்ல உறுத்துறது அதான், கடைசி வரிசையில இருக்குறவனுக்கு குரலைக் கொண்டுபோய் சேக்குறதும் அதான். மைக்குல, அதுவும் இயர்ஃபோன்ல, நாலு இஞ்ச் தள்ளி கேட்டா அது கத்துற மாதிரி இருக்கத்தான் செய்யும். அதனால இயர்ஃபோனைக் கழட்டிடுங்க. ஒரு ஸ்பீக்கரை ரூமோட அந்தக் கோடியில வெச்சு, சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சு, இந்தக் கோடியில உக்காந்து கேட்டுப் பாருங்க, ஆளே மாறின மாதிரி இருக்கும்.

வார்த்தை புரியலங்கறதும் அப்படித்தான். பெண் குரல் மேல ஏற ஏற, ஒரு கட்டத்துக்கு மேல ஆ, ஈ, ஊ எல்லாம் ஒண்ணு போலத்தான் கேக்கும். உயிரெழுத்தை காது பிரிச்சுப் பாக்குறதுக்கு சில குறிப்பிட்ட அதிர்வுகள் வேணும், பாடுற ஸ்வரமே அதுக்கு மேல போயிட்டா அந்த அடையாளம் அழிஞ்சுடுது. இத்தாலிக்காரனுக்கே விளங்காது. அதனால கையில வார்த்தை இல்லாம கேக்காதீங்க, இதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல. 1983ல டொரண்டோவுல இருக்குற கனடியன் ஓபெரா கம்பெனிதான் முதல் தடவையா மேடைக்கு மேல மொழிபெயர்ப்பை எழுத்தா ஓட விட்டாங்க, ஸ்ட்ராஸோட எலெக்ட்ராவுக்கு, அப்போ கொஞ்ச பேர் இது நாடகத்தைக் கெடுக்குதுன்னு சண்டை பிடிச்சாங்க, இப்போ உலகம் பூரா அது இல்லாத ஓபெரா ஹவுஸ் அபூர்வம்.

கர்நாடக சங்கீதம் கேட்ட காதுக்கு இன்னொரு சிக்கல் உண்டு, இதை யாரும் முன்கூட்டியே சொல்ல மாட்டாங்க. நம்ம கச்சேரியில தம்புரா மீட்ட ஆரம்பிச்சா மங்களம் பாடுற வரைக்கும் ஸட்ஜம், அதான் அடிப்படை ஸ, நகராது. நம்ம காது அந்த ஸட்ஜத்துல சாஞ்சுகிட்டேதான் கேக்கும். இங்க ஸட்ஜமே நகரும். ஒரே காட்சியில அஞ்சாறு தடவை ஆதார ஸ்ருதி மாறும், கிரக பேதம் பண்ற மாதிரி எட்டிப் பாத்துட்டுத் திரும்பி வர்றது இல்ல, புது இடத்துல குடியே போயிடுவாங்க. அதனாலதான் உங்களுக்குப் பிடிமானம் இல்லாத மாதிரி இருக்கு. ராகத்தைத் தேடாதீங்க, ஸட்ஜம் எப்போ நகருதுன்னு கவனிங்க, அது நகரும்போது மேடையில யாரோட மனசோ மாறியிருக்கும், இல்ல யாரோ கதவைத் திறந்துகிட்டு உள்ள வந்திருப்பாங்க.

இதுக்கு ரொம்ப நல்ல இடம் மொசார்ட்டோட ஃபிகாரோவின் திருமணம், ரெண்டாவது அங்கத்தோட முடிவு. 1786 மே 1, வியன்னா, வார்த்தைகளை எழுதினவர் லொரென்ஸோ தா போன்தே. கிட்டத்தட்ட இருபது நிமிஷம், நடுவுல நிறுத்தமே கிடையாது. ஜமீன்தாரும் அவர் மனைவியும் ரெண்டே பேர்ல ஆரம்பிக்கும். அடுத்த ரூம்ல பூட்டி வெச்சிருக்குறது மனைவியோட கள்ளக்காதலன்னு நினைச்சு இவர் கத்தியை உருவிட்டாரு, கதவு திறக்குது, உள்ளேர்ந்து வர்றது வேலைக்காரப் பொண்ணு சூசன்னா. உள்ள ஒளிஞ்சிருந்த பையன் அதுக்கு முன்னாடியே ஜன்னல் வழியா தோட்டத்துல குதிச்சு ஓடிட்டான். அந்தக் கதவு திறக்குற நொடியை வேற யாரா இருந்தாலும் டமார்னு ஒரு அடி அடிச்சிருப்பாங்க. மொசார்ட் என்ன பண்றாரு, எல்லாத்தையும் அடக்கி, மெதுவா, நடனத்துக்கு அடி எடுத்து வைக்கிற மாதிரி ஒரு சின்ன மெட்டு. சூசன்னா அவ்ளோ நிதானமா, "என்ன ஐயா, ஏன் இப்படி ஆச்சரியப்படுறீங்க"ன்னு கேக்குறா. எனக்கு அந்த இடத்துல ஒவ்வொரு தடவையும் புல்லரிக்கும். அப்புறம் ஃபிகாரோ வரான், மூணு நாலாகுது, தோட்டக்காரன் குடிச்சுட்டு ஒடைஞ்ச பூத்தொட்டியைத் தூக்கிகிட்டு யாரோ மேலேர்ந்து குதிச்சான்னு வரான், அஞ்சு, கடைசில இன்னும் மூணு பேர் வந்து, தோட்டக்காரன் போயிட, மொத்தம் ஏழு பேர். ஒவ்வொரு ஆள் வரும்போதும் ஸ்ருதி நகருது, வேகம் நகருது, கடைசில ஆரம்பிச்ச அதே ஸ்ருதிக்கு வந்து முடியுது. இதை எந்தக் கணக்குல போட்டாருன்னு நானும் என் சிநேகிதரும் பேப்பர்ல பென்சில் வெச்சு ஒரு மழை நாள் பூரா எழுதிப் பாத்தோம், எழுதி முடிச்சப்போ மரியாதை இன்னும் கூடித்தான் போச்சு.

ரெக்கார்டிங் பேச்சுக்கு வரேன், நீங்க கேட்டதுல அதானே முக்கியம், ஒரே இடத்தை ஏன் இத்தனை தடவை கேக்குறாங்கன்னு. நம்ம ஊர்ல இது புதுசா என்ன, ஒரே தோடியை நாலு வித்வான் பாடி நாலையும் கேட்டு வாதாடினவங்கதானே நாம. ஆனா அங்க ஒரு வித்தியாசம், ஸ்வரம் எல்லாம் எழுதி வெச்சது, மனோதர்மத்துக்கு இடம் ரொம்பக் கம்மி. அப்போ வித்தியாசம் எங்க வரும்? ஒரு வார்த்தைக்கு எவ்ளோ கனம் குடுக்குறாங்க, எங்க மூச்சு விடுறாங்க, ஆர்கெஸ்ட்ராவை நடத்துறவர் எங்க ஒரு நூல் அளவு காத்திருக்காருங்கறதுல வரும். அது அவ்ளோ சின்னது, அதனாலதான் இருபது கேக்க வேண்டியிருக்கு.

ரிகொலெட்டோ நாலு பேர் இடத்தையே எடுத்துக்குங்க. 1955ல மிலான் ஊர் ஓபெரா ஹவுஸ் லா ஸ்காலா குழுவை வெச்சு துலியோ செராஃபின் நடத்தினது, மரியா காலஸ் கில்டா, தி ஸ்டெஃபானோ ட்யூக், டிட்டோ கோபி ரிகொலெட்டோ. மோனோதான், ஆனா கோபியோட ரிகொலெட்டோ அந்த "அழாத"ங்கறதை சொல்லும்போது அது ஆறுதல் இல்ல, கொலைத் திட்டம்னு உங்களுக்குப் புரிஞ்சுடும். அப்புறம் 1964ல குபெலிக் நடத்தினது, பெர்கோன்ஸி ட்யூக், ரெனாதா ஸ்கோத்தோ கில்டா, ஃபிஷர் டீஸ்காவ் ரிகொலெட்டோ. பெர்கோன்ஸி பாடுறதைக் கேட்டா நீங்களே ஏமாந்துடுவீங்க, அவ்ளோ நல்ல பையன் மாதிரி இருக்கும், அப்படித்தானே கில்டா ஏமாந்திருப்பா. 1971 பாவரொட்டி, ஜோன் சதர்லாண்ட் ரெக்கார்டிங்ல குரலோட சுகம் ஜாஸ்தி, நாடகம் கம்மி, இது என் அபிப்பிராயம், என் சிநேகிதர் இதை ஒத்துக்கவே மாட்டார். கடைசியா 1917ல கருஸோ, கல்லி குர்ச்சி, பெரினி, தெ லூகா நாலு பேரும் பாடினது. அப்போ மைக்கே வரல, ஒரு பெரிய கொம்புக்கு முன்னாடி நெருக்கி நின்னு பாடினாங்க, இசைத்தட்டுல ஒரு பக்கத்துக்கு நாலு நிமிஷம் சொச்சம்தான் பிடிக்கும். கரகரன்னு இருக்கும். ஆனா அந்தக் கரகரப்புக்குள்ளேர்ந்து கருஸோ குரல் எழும்பி வர்றப்போ, நூறு வருஷத்துக்கு முந்தி ஒரு ரூம்ல நாலு பேர் தோளோட தோள் உரசி நின்ன சூடு தெரியும்.

இந்த வாதம் இன்னைக்கு நேத்து இல்ல. வியன்னா ஸ்டேட் ஓபெராவுல நின்னுகிட்டு பாக்குற இடம்னு ஒண்ணு இருக்கு, ரொம்ப மலிவான டிக்கெட், முன்கூட்டியே வந்து வரிசையில நின்னு உள்ள போனதும் கம்பியில கைக்குட்டையோ ஸ்கார்ஃபோ கட்டிட்டு இடம் பிடிக்கிறது ரொம்ப காலமா இருந்த பழக்கம், நம்ம பஸ் ஜன்னல்ல துண்டு போடுற மாதிரி. அந்த வரிசையில நிக்குறவங்களுக்குத் தெரியாத விஷயமே கிடையாது. மிலான் லா ஸ்காலாவுல மேல் மாடி, லோஜ்ஜோனேன்னு சொல்வாங்க, அங்க உக்காந்திருக்குறவங்களுக்குப் பாடகர்களே பயப்படுவாங்க, பிடிக்கலன்னா அங்கேர்ந்தே கூச்சல் போட்டுடுவாங்க. 1950கள்ல அங்க காலஸ் பக்கம், ரெனாதா தெபால்தி பக்கம்னு ரெண்டு கட்சி. தெபால்தி குரல் வெண்ணெய், எந்த இடத்துலயும் உறுத்தாது. காலஸ் குரல்ல உறுத்தல் உண்டு, மேல போகும்போது ஆடும், ஆனா அவங்க ஒரு வார்த்தையைச் சொன்னா அந்த வார்த்தைக்கு அதுக்கு முன்னாடி அர்த்தமே இல்லாத மாதிரி இருக்கும். நான் காலஸ் கட்சி. ஆனா ராத்திரி தூக்கம் வராதப்போ தெபால்தியைத்தான் போடுறேன், ரெண்டும் உண்மை.

காலஸ் ஏன்னு தெரியணும்னா வெர்டியோட லா டிராவியாட்டா, ரெண்டாவது அங்கம், வயலெட்டாவும் ஜெர்மோனும் சந்திக்கிற இடம். இதான் என் ஃபேவரிட், எனக்கு ரொம்ப பிடிச்சது எதுன்னு கேட்டீங்களே, அதுக்கு நேரடியான பதில் இதுதான். 1853 மார்ச் 6, அதே லா ஃபெனிச்சே, முதல் நாள் ஊத்திகிச்சு. மறுநாள் வெர்டி ஒரு சிநேகிதருக்கு எழுதுறாரு, நேத்து டிராவியாட்டா தோல்வி, தப்பு என்னுதா பாடகர்களோடதா, காலம் சொல்லும்னு. அடுத்த வருஷம் மே மாசம் அதே ஊர்ல வேற தியேட்டர்ல போட்டாங்க, ஜனங்க கொண்டாடிட்டாங்க. கதை அந்தக் காலத்து பாரிஸ், வயலெட்டா பணக்காரங்க தயவுல வாழுற பொண்ணு, க்ஷயரோகம், இப்போ ஆல்ஃப்ரெடோங்கற பையனோட எல்லாத்தையும் விட்டுட்டு கிராமத்துல வந்து இருக்கா. அவன் இல்லாத நேரம் பாத்து அவன் அப்பா ஜெர்மோன் வந்து நிக்குறாரு.

வந்ததும் மரியாதை இல்லாம பேச ஆரம்பிக்கிறாரு, அவ ஒரே வரியில நிறுத்துறா, "நான் ஒரு பெண், ஐயா, அதுவும் என் வீட்டுல நிக்கிறேன்". அங்கேர்ந்து கிட்டத்தட்ட கால் மணி நேரத்துக்கு மேல, ரெண்டே பேர். அவர் கெட்டவர் இல்ல, அதான் இந்த இடத்தோட பலம், எனக்கு ஒரு பொண்ணு இருக்கா, உன்னால அவ கல்யாணம் நின்னுடும், என் பையனை விட்டுடுன்னு கேக்குறாரு. நம்ம வீடுகள்ல நடக்காத பேச்சா இது? கேக்குறவர் முகத்துல அழுகையும் இருக்கு, வந்த காரியத்தை முடிச்சுட்டுத்தான் போவேங்கற உறுதியும் இருக்கு. அவ முதல்ல கொஞ்ச நாள் பிரிஞ்சு இருக்கச் சொல்றாருன்னு நினைக்கிறா, இல்ல, ஒரேயடியாங்கறாரு. எதிர்க்கிறா, கதறுறா, எனக்கு வியாதி, எனக்கு வேற யாரும் இல்லங்கறா. அவர் மெதுவா, தாலாட்டுற மாதிரி, உன் அழகு போயிட்டா அவன் உன்கூட இருப்பானாங்கறாரு. அங்க அவ ஒடைஞ்சு போறா.

ஒடைஞ்ச இடத்துல ஒரு ஒத்தை ஸ்வரம், ஆர்கெஸ்ட்ரா மொத்தமும் வாய் மூடிடும், அந்த ஸ்வரத்துலேர்ந்து அப்படியே சறுக்கி இறங்கி ஆரம்பிக்கும், "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க, ஒருத்தி தன்கிட்ட இருந்த ஒரே நல்லதையும் அவளுக்காக விட்டுக் குடுத்துட்டான்னு". காலஸ் 1955 மே மாசம் லா ஸ்காலாவுல கியுலினி நடத்தி பாடின நேரடி ரெக்கார்டிங் இருக்கு. ஒலித்தரம் மோசம், இருமல், செருப்புச் சத்தம் எல்லாம் கேக்கும். அந்த ஒத்தை ஸ்வரத்தை அவங்க பிடிச்சிருக்குறதைக் கேளுங்க. அழுறது இல்ல, அழுது முடிச்ச பிறகு வருமே ஒரு வெறுமை, அது. அந்தக் குரல்ல ரத்தமே இல்ல. மாடி சார் அந்த இடம் வரும்போது ஃபேனை அணைச்சுடுவார், ஒரு சத்தமும் கூடாதுன்னு, மே மாச வேர்வையில நாங்க ரெண்டு பேரும் அசையாம உக்காந்திருப்போம்.

ஒலித்தரம் நல்லா வேணும்னா கார்லோஸ் கிளைபர் 1976, 77ல நடத்தி எடுத்தது, இலியானா கோத்ருபாஸ், தொமிங்கோ, ஷெரில் மில்ன்ஸ். இந்தக் கிளைபர் வாழ்க்கை பூரா ஸ்டூடியோவுல எடுத்த ஓபெரா மொத்தம் நாலே நாலுதான், அதுல ஒண்ணு இது. வேகமா போவார், சில பேருக்கு அது பிடிக்காது, ஆனா வயலெட்டாவுக்கு நேரம் இல்லங்கறது அந்த வேகத்துல தெரியும். ஃபிகாரோவுக்கு அவர் அப்பா எரிக் கிளைபர் 1955ல வியன்னாவுல எடுத்ததை வாங்குங்க, எழுபது வருஷம் ஆகியும் அதுல தூசி படியல.

மத்ததெல்லாம் வேகமா சொல்லிடுறேன். புச்சினியோட டோஸ்கா உங்களுக்கு ரெண்டாவது மாசத்துல, 1953ல தெ சபாதா நடத்தினது, மறுபடி காலஸ், தி ஸ்டெஃபானோ, கோபி, முதல் அங்கத்தோட முடிவுல கோயில் மணியும் பீரங்கியும் பூசைப் பாட்டும் ஒண்ணா ஏறி வர்றப்போ நடுவுல வில்லனா வர்ற கோபி தன் காமத்தைப் பத்தி பேசிகிட்டு நிப்பாரு. லா போயெம் எப்போ வேணும்னாலும் கேக்கலாம், 1972ல கராயன் நடத்தினது, பாவரொட்டியும் மிரெல்லா ஃப்ரேனியும், ரெண்டு பேரும் ஒரே ஊரு, மொதேனா, ஒரே வருஷம் பொறந்தவங்க, அவங்க அம்மாமார் ஒரே புகையிலை ஃபேக்டரியில வேலை பாத்தவங்க, அந்த ஒட்டுதல் பாட்டுலயும் தெரியும். வாக்னர் இப்போ வேணாம். பிடிக்காதுங்கறதுக்காக சொல்லல, எனக்கு உயிர், ஆனா நாலு மணி நேரம் ஒரு ஏக்கம் தீராம இழுத்துகிட்டே போறதைத் தாங்க காது பழகியிருக்கணும், ஒரு வருஷம் கழிச்சு டிரிஸ்டானுக்கு வாங்க.

முடிஞ்சா தனியா கேக்காதீங்க. கூட ஒருத்தர் இருந்தா போதும், ரசனை ஒத்துப்போகணும்னு கூட இல்ல. நாங்க இப்போ நாலு பேர், மாசத்துல ஒரு ஞாயிறு, ஒரே ஒரு காட்சி, மூணு ரெக்கார்டிங், யார் பாடுறாங்கன்னு சொல்லாம போடுவோம். முதல்ல வார்த்தையை ஒருத்தர் தமிழ்ல சத்தமா படிக்கணும், அது சட்டம். எங்கள்ல ஒரு அக்கா இருக்காங்க, ஸ்கூல் டீச்சர், இசை ஞானம் எனக்கு இல்லன்னு சொல்லிகிட்டேதான் வந்தாங்க. ஜெர்மோன் காட்சியைக் கேட்டுட்டு ரெண்டாவது ரெக்கார்டிங்ல நிறுத்தச் சொன்னாங்க. "இந்த அப்பா பொய் அழுகை அழுறார், முதல்ல வந்தவர் நிஜமா அழுதார்"னாங்க. நாங்க மூணு பேரும் டெம்போ, பிட்ச்னு பேசிகிட்டு இருந்தோம், அவங்க நேரா ஆளைப் பிடிச்சுட்டாங்க. திரும்பப் போட்டுக் கேட்டோம், அவங்க சொன்னது சரி.

கடைசியா மறுபடி ரிகொலெட்டோவுக்கே போறேன், நாலு பேர் இடம் உங்களுக்குப் பிடிச்சுட்டா நிறுத்தாம முடிவு வரைக்கும் ஓட விடுங்க, அரை மணி நேரம்தான் இருக்கும். புயல் வரும், அந்தக் காத்து சத்தம் ஆர்கெஸ்ட்ரா இல்ல, மேடைக்குப் பின்னாடி ஆம்பளைங்க வாயை மூடிகிட்டு முனகுறது. கொலைகாரன் ஒரு சாக்குமூட்டையைக் கொண்டுவந்து ரிகொலெட்டோ கையில குடுக்குறான், உள்ள ட்யூக் பிணம்னு சொல்லி. ஆத்துல தள்ளப் போறான், ஜெயிச்சுட்டேன்னு மார்தட்டுறான். அந்த நேரம் தூரத்துலேர்ந்து ஒரு பாட்டு கேக்குது, பொண்ணுங்க மனசு காத்துல ஆடுற இறகுன்னு ட்யூக் கொஞ்ச நேரம் முன்னாடி குஷியா பாடினானே அதே பாட்டு. இந்த மெட்டை உங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்சிருக்கும், விளம்பரத்துல எல்லாம் வரும், அது ஒரு குஷிப் பாட்டுன்னுதான் எல்லாரும் நினைச்சிருக்காங்க. அந்தக் குரல் உயிரோட பாடிகிட்டே தூரமா போயிகிட்டிருக்கு. அப்போ இந்த மூட்டைக்குள்ள யாரு?

அவன் மூட்டையைக் கிழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு கணம் நிக்குறான் பாருங்க, அந்த இடத்துல கோபி என்ன பண்றாருன்னு கேட்டுட்டு வந்து எனக்கு சொல்லுங்க.